தொழுகைக்குப் பத்து நிமிடம், பள்ளிக்கூடத்துக்கு எழுபது வருடம்: கொழும்பு சாஹிராவின் கதை

"அந்த ஸ்கூல்ல எப்பப் பார்த்தாலும் தொழுகை, ஓதல்னு இருப்பாங்களே, பசங்க எப்படிங்க பாடம் படிப்பாங்க?" முஸ்லிம்கள் நடத்தும் தனியார் பள்ளிகளைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பதில்லை. முஸ்லிம் வீடுகளில் இதே கேள்வி தலைகீழாக வரும். "இத்தனை டியூஷன், இத்தனை பரீட்சை. ஓதறதுக்கு எப்பங்க நேரம்?"

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு நாளில் ஐந்து வேளைத் தொழுகை. அதில் சுபுஹ் விடியும் முன்னே முடிந்துவிடும். மஃரிப் சூரியன் மறைந்த பிறகு, இஷா இரவில். பள்ளிக்கூட நேரத்துக்குள் வருவது லுஹர் ஒன்றுதான். மாலை வரை வகுப்பு நடந்தால் அஸரும் சேரும். லுஹருக்கு ஒளுச் செய்து தொழுது முடிக்கச் சாப்பாட்டு இடைவேளையே போதும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் வேண்டும். வருடத்தில் ஒரு மாதம் நோன்பு. மொத்தப் பிரச்சினையும் இவ்வளவுதான்! ஒரு நல்ல தலைமையாசிரியர் அரை மணி நேரத்தில் டைம்டேபிள் போட்டுத் தீர்த்துவிடுவார்.

அப்படியானால் மார்க்கமும் படிப்பும் ஒரே கூரையின் கீழ் வருவதற்கு ஏன் அத்தனை வருடங்கள் ஆயின? ஏன் அத்தனை சண்டை? இதற்கு நேரத்தில் பதில் கிடைக்காது. யார் பணம் கொடுத்தார்கள், எந்தப் புத்தகத்தை முதலில் கையில் கொடுத்தார்கள் என்று பார்த்தால் கிடைக்கும். இதைத் தெளிவாகக் காட்டும் ஒரு பள்ளிக்கூடம் நம் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. கொழும்பு மருதானையில் உள்ள சாஹிராக் கல்லூரி. (இலங்கையில் பெரிய பள்ளிக்கூடங்களையும் கல்லூரி என்றுதான் சொல்வார்கள். குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

எக்கியார்குப்பம், மரக்காணம் உப்பளக் கரையில் இருப்பவர்களுக்குக் கொழும்பு எதற்கு என்று கேட்கலாம். இதே கரையில் தெற்கே போனால் நாகூர், கீழக்கரை, காயல்பட்டினம். அங்கிருந்து மரக்கலம் ஏறிய மரக்காயர்கள் காலம் காலமாக இலங்கையோடு வியாபாரம் செய்தவர்கள். இரண்டு கரைகளிலும் முஸ்லிம்கள் வீட்டில் பேசியது தமிழ். அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழ் இரண்டு பக்கமும் வழக்கில் இருந்தது. இங்கே எழுதிய மார்க்கப் புத்தகம் அங்கே படிக்கப்பட்டது, அங்கே எழுதியது இங்கே படிக்கப்பட்டது. ஆகவே சாஹிராவின் கதை முழுக்க வெளிநாட்டுக் கதை இல்லை.

சரி, கதைக்கு வருவோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இலங்கையில் ஆங்கிலம் படிக்க வேண்டும் என்றால் பெரும்பாலும் மிஷன் பள்ளிக்குத்தான் போக வேண்டும். அங்கே பைபிளும் உண்டு, ஜெபமும் உண்டு. ஆங்கிலம் படித்தால் அரசாங்க வேலை, கோர்ட்டு, கச்சேரி, டாக்டர் உத்தியோகம். படிக்காவிட்டால் கடை, வியாபாரம், வயல். இந்தப் பேரத்தை மற்ற மதத்தாரும் விரும்பவில்லை. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1848ல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளிக்கூடம் தொடங்கினார். மிஷன் பள்ளியிலேயே படித்து அங்கேயே வேலை பார்த்தவர் அவர். அவர்கள் பள்ளி நடத்தும் முறை அவருக்கு உள்ளிருந்தே தெரியும். 1880ல் அமெரிக்கரான கர்னல் ஆல்காட் இலங்கைக்கு வந்து பௌத்தர்களோடு சேர்ந்தார். 1886ல் கொழும்பில் பின்னாளில் ஆனந்தா கல்லூரி ஆன பள்ளிக்கூடம் தொடங்கியது. எல்லோரும் செய்தது ஒன்றேதான்: மிஷன் பள்ளியின் பெஞ்சு, மணி, வகுப்பு, பரீட்சை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள். நடுவில் இருந்த வேதப்புத்தகத்தை மட்டும் மாற்றினார்கள்.

முஸ்லிம்கள் இந்த வரிசையில் கடைசியில் வந்தார்கள். அவர்களிடம் பள்ளிக்கூடமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஊருக்கு ஊர் குர்ஆன் ஓதும் பள்ளி இருந்தது. லெப்பை பாயில் உட்கார்ந்திருப்பார், பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து அரபு எழுத்தைக் கூட்டி ஓதுவார்கள். அரபுத்தமிழும் கொஞ்சம் வரும். அதற்குப் பிறகு பையன் வாப்பாவின் கடைக்குப் போய்விடுவான். வியாபாரச் சமூகத்துக்கு அது ஒரு தலைமுறைக்குப் போதுமானதாக இருந்திருக்கலாம். ஆனால் நாடு மாறிக்கொண்டிருந்தது. தோட்டம், ரயில், வங்கி, நீதிமன்றம் எல்லாம் ஆங்கிலக் காகிதத்தில் ஓடத் தொடங்கின. பைபிள் வேண்டாம் என்று மிஷன் பள்ளியைத் தவிர்த்தவர்கள் கூடவே கணக்கையும் பூகோளத்தையும் சட்டத்தையும் தவிர்த்துவிட்டார்கள். பயம் நியாயமானதுதான். விலை பெரியது.

இந்த விலையைக் கண்ணால் பார்த்தவர் முகம்மது காசிம் சித்திலெப்பை. 1838ல் பிறந்த கண்டிக்காரர். அப்பாவும் வக்கீல், இவரும் வக்கீல். ஆங்கிலம் தெரிந்த ஒரு முஸ்லிம் கோர்ட்டில் என்ன செய்ய முடியும், தெரியாதவர் அங்கே எப்படி நிற்பார் என்பதை அவர் தினமும் பார்த்திருப்பார். 1882 டிசம்பரில் 'முஸ்லிம் நேசன்' என்ற தமிழ் வாரப்பத்திரிகையைத் தொடங்கினார். 1885ல் 'அசன்பே சரித்திரம்' என்ற நாவலை வெளியிட்டார். வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வந்தது 1879ல். அதாவது தமிழின் ஆரம்பகால நாவல்களில் ஒன்றை எழுதியவர், பள்ளிக்கூடம் கட்ட அலைந்த ஒரு முஸ்லிம் வக்கீல். நம் தமிழ்ப் பாடப்புத்தகங்களில் இவர் பெயருக்கு இன்னும் கொஞ்சம் பெரிய இடம் கொடுக்கலாம்!

பத்திரிகை தொடங்கிய சில வாரங்களிலேயே அவருக்கு எதிர்பாராத துணை ஒன்று கப்பலில் வந்து இறங்கியது. எகிப்தில் ஆங்கிலேயர்களை எதிர்த்துத் தோற்ற அஹ்மத் ஓராபி பாஷாவையும் அவருடைய தோழர்களையும் பிரிட்டிஷார் இலங்கைக்கு நாடு கடத்தினார்கள். 1883 ஜனவரியில் அவர்கள் கொழும்பு வந்து சேர்ந்தார்கள். ஓராபி 1901 வரை இலங்கையில் இருந்தார். உள்ளூர் முஸ்லிம்களுக்கு அவர் ஒரு வீரர், அதோடு அஸ்ஹரில் ஓதியவர். ஆங்கிலேயனோடு போர் செய்தவரே "ஆங்கிலம் படியுங்கள்" என்று சொன்னால் யார் மறுத்துப் பேசுவது? சித்திலெப்பை சொன்னபோது "இவன் மார்க்கத்தைக் கெடுக்கிறான்" என்று திட்டியவர்களால் ஓராபியை அப்படிச் சொல்ல முடியவில்லை. ஒரு சமூகம் தன் மனத்தை மாற்றிக்கொள்ள நல்ல வாதம் மட்டும் போதாது. சந்தேகப்பட முடியாத ஒரு ஆள் அதைச் சொல்லவும் வேண்டும்.

ஆனாலும் முதல் முயற்சி நிலைக்கவில்லை. 1884ல் கொழும்பு நியூ மூர் தெருவில் சித்திலெப்பை தொடங்கிய பள்ளிக்கூடம் ஆதரவில்லாமல் தேய்ந்து போனது. எட்டு வருடம் கழித்து, 1892 ஆகஸ்ட் 22ம் தேதி, மருதானைப் பள்ளிவாசல் வளாகத்தில் மறுபடியும் தொடங்கினார்கள். இந்தத் தடவை கூட இருந்தவர் வாப்பிச்சி மரிக்கார். கொழும்பு அருங்காட்சியகத்தைக் கட்டிய ஒப்பந்தக்காரர். நகரத்தில் பெரிய கட்டடங்கள் எழுப்பிய கை. வக்கீலின் எழுத்து, பாஷாவின் பெயர், ஒப்பந்தக்காரரின் பணமும் செல்வாக்கும். மூன்றும் சேர்ந்தபோதுதான் பள்ளி நின்றது. 'அல் மத்ரஸதுஸ் ஸாஹிரா' என்று பெயர் வைத்தார்கள். பாங்கு சத்தமும் பள்ளி மணியும் ஒரே வளாகத்தில் கேட்டன.

காமர்ஸ் படிப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஏனென்றால் அடுத்த கேள்வி வரவு செலவு பற்றியது.

அந்தக் காலத்தில் இலங்கை அரசாங்கம் தனியார் பள்ளிகளுக்கு உதவிப்பணம் கொடுத்தது. எப்படித் தெரியுமா? 1870களிலிருந்து 'பலனைப் பார்த்துப் பணம்' என்ற முறை. இன்ஸ்பெக்டர் வருவார். பிள்ளைகளை வாசிக்கச் சொல்வார், எழுதச் சொல்வார், கணக்குப் போடச் சொல்வார். எத்தனை பேர் தேறுகிறார்களோ அதற்கேற்பப் பணம். இங்கிலாந்தில் நடைமுறையில் இருந்த முறையை அப்படியே இங்கே இறக்கியிருந்தார்கள். இதில் மத போதனைக்கு ஒரு சல்லி கிடையாது. மிஷன் பள்ளிக்கு அதனால் கஷ்டம் இல்லை. பைபிள் சொல்லிக்கொடுக்கும் பாதிரியாரின் செலவைக் கடல் தாண்டிய சபை பார்த்துக்கொள்ளும். முஸ்லிம் பள்ளிக்கு அப்படி எந்தச் சபையும் இல்லை. இன்ஸ்பெக்டர் கேட்கும் கணக்குக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் பணம் வரும். குர்ஆனுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் செலவு மட்டும்தான். ஆலிமுக்குச் சம்பளம் ஜமாஅத்தின் பையிலிருந்து வர வேண்டும்.

"மார்க்கமா, படிப்பா" என்ற கேள்வி உண்மையில் இப்படித்தான் அந்தப் பள்ளியின் மேசை மேல் வந்து விழுந்திருக்கும். இது பக்தி குறைந்ததால் வந்த கேள்வி இல்லை. ஒரு பாடத்துக்கு வரவு இருந்தது, இன்னொரு பாடத்துக்கு இல்லை. இரண்டையும் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் சமூகம் தன் கையிலிருந்து போட வேண்டும். போட்டபோது பள்ளி நிமிர்ந்தது, போடாதபோது குனிந்தது. சித்திலெப்பை 1898ல் இறந்தார். 1901ல் ஓராபி ஊர் திரும்பினார். அதன் பிறகு வந்த இருபது வருடங்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல அதிகம் இல்லை.

1921ல் டி. பி. ஜாயா அதிபராக வந்தார். துவான் புர்ஹானுத்தீன் ஜாயா. மலாய் முஸ்லிம். இங்கே ஒரு சுவாரசியம் இருக்கிறது. ஜாயா படித்தது ஆங்கிலிக்கன் சபையின் புனித தோமையார் கல்லூரியில். சாஹிராவுக்கு வரும் முன் ஆசிரியராக இருந்தது பௌத்தர்களின் ஆனந்தாவில். ஒரு மதத்துப் பள்ளி தன் மதத்தையும் பரீட்சையையும் எப்படிச் சேர்த்து நடத்துகிறது என்பதை மாணவனாக ஒரு இடத்திலும் வாத்தியாராக இன்னொரு இடத்திலும் பார்த்துவிட்டு வந்தவர். கால் நூற்றாண்டுக்கு மேல் சாஹிராவை நடத்தினார். கம்பளை, மாத்தளை, புத்தளம் என்று கிளைப் பள்ளிகள் உருவாயின. கொழும்புக்குப் பிள்ளையை அனுப்ப முடியாத தூரத்து ஊர்களுக்கு இது பெரிய விஷயம். 1947ல் சுதந்திரத்துக்கு முந்தைய தேர்தலுக்குப் பிறகு அமைந்த அமைச்சரவையில் ஜாயா அமைச்சரானார். (1960ல் ஹஜ்ஜுக்குப் போன இடத்தில் மதீனாவில் இறந்தார்.)

அவருக்குப் பின் வந்தவர் ஏ. எம். ஏ. அஸீஸ். 1911ல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். முதலில் குர்ஆன் பள்ளி, பிறகு இராமகிருஷ்ண மிஷனின் வைத்தீஸ்வர வித்தியாலயம், பிறகு யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி. ஆமாம், இந்துக் கல்லூரிதான்! ஜாயாவைப் போலவே இவரும் அடுத்த வீட்டில் பார்த்துக் கற்றவர். இஸ்லாமியப் பள்ளியை நிமிர்த்திய இரண்டு அதிபர்களும் இஸ்லாமியப் பள்ளியில் உருவாகவில்லை. ஒன்று, அப்போது அப்படிப் பள்ளிகள் குறைவு. இரண்டு, தன் மதம் இல்லாத பள்ளியில் படிக்கும் பையனுக்கு ஒன்று நன்றாகப் புரிந்திருக்கும். ஒரு பள்ளியின் மதம் வேற்று மதத்து மாணவன் மீது எப்போது பாரமாக இறங்கும், எப்போது இறங்காது என்பது.

1935ல் இலங்கை சிவில் சர்வீஸுக்குத் தேர்வான முதல் முஸ்லிம் அஸீஸ். அந்தக் காலத்தில் அதைவிடப் பெரிய உத்தியோகம் கிடையாது. 1942ல் யுத்த கால உணவு நெருக்கடியில் அவரைக் கிழக்கே கல்முனைக்கு அனுப்பினார்கள். வேலை, நெல் உற்பத்தியைப் பெருக்குவது. அங்கே வயலில் வேலை செய்த முஸ்லிம்களை அவர் பார்த்தார். மார்க்கப் பற்றில் குறைவில்லை. ஆனால் ஆங்கிலப் பள்ளிக்கும் அவர்களுக்கும் நடுவே இருந்தது வறுமை. கொழும்பு வியாபாரி பயத்தால் பிள்ளையை அனுப்பவில்லை என்றால், கல்முனை விவசாயி காசில்லாமல் அனுப்பவில்லை. 1945ல் அஸீஸ் முன்னின்று இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கினார். கெட்டிக்கார ஏழைப் பையன்களுக்குப் பணம் கொடுத்து மேற்படிப்புக்கு அனுப்பும் நிதி. பிரசங்கம் செய்து மாற்ற முடியாததை ஃபீஸ் கட்டி மாற்றலாம் என்பது இதில் தெரிகிறது.

1948ல் சிவில் சர்வீஸை ராஜினாமா செய்துவிட்டு சாஹிராவின் அதிபர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். கலெக்டர் வேலையை விட்டுவிட்டு ஹெட்மாஸ்டர் ஆவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள்!

1948 முதல் 1961 வரை இருந்த அந்தக் காலத்தைத்தான் பலரும் சாஹிராவின் பொற்காலம் என்கிறார்கள். பல்கலைக்கழகத்துக்குப் போகும் முஸ்லிம் மாணவர்கள் என்றால் சாஹிராவைத்தான் முதலில் நினைத்தார்கள். பள்ளி முஸ்லிம்களுக்கு மட்டும் என்று கதவைச் சாத்தவும் இல்லை. பின்னாளில் பெரிய தமிழறிஞரான கார்த்திகேசு சிவத்தம்பி கரவெட்டியிலிருந்து வந்து இங்கே படித்தவர், பிறகு இங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். மார்க்சியத் தமிழறிஞர் ஒருவர் பள்ளிவாசல் வளாகத்துப் பள்ளியில் பாடம் நடத்தினார் என்பதை இன்று யோசித்தால் ஆச்சரியமாக இருக்கலாம். அன்று அது ஆச்சரியமாகத் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

இன்னொரு சிக்கல் மொழி. ஆங்கிலமா, தமிழா, சிங்களமா? மார்க்கத்துக்கு அரபு வேறு. நான்கு மொழிகள் ஒரு பையனின் தலையில்! முஸ்லிம்களின் வீட்டுமொழி தமிழ், அதில்தான் அவர்களுடைய மார்க்க நூல்களும் இலக்கியமும் இருக்கின்றன என்பது அஸீஸின் நிலை. தமிழிலேயே 'இலங்கையில் இஸ்லாம்' போன்ற நூல்களை எழுதினார். ஐக்கிய தேசியக் கட்சி சிங்களம் மட்டும் என்ற பக்கம் சாய்ந்தபோது, 1956ல், அந்தக் கட்சியிலிருந்து விலகினார். அவரைச் செனட்டில் உட்காரவைத்த கட்சி அது. மார்க்கமும் படிப்பும் என்று இரண்டு தட்டுகளை மட்டும் வைத்துத் தராசு பிடிப்பவர்கள் இந்த மூன்றாவது தட்டை மறந்துவிடுகிறார்கள். பையனுக்கு மார்க்கம் எந்த மொழியில் புரிகிறதோ அந்த மொழியில் பாடமும் புரிந்தால்தான் இரண்டும் ஒரே தலைக்குள் சேரும்.

பெண் பிள்ளைகள்? சாஹிரா ஆண்கள் பள்ளி. சித்திலெப்பை கண்டியில் முஸ்லிம் பெண்களுக்கும் பள்ளி தொடங்கியவர்தான். ஆனால் கொழும்பில் முஸ்லிம் மகளிர் கல்லூரி வந்தது 1946ல். தொடங்கியவர் சேர் ராசிக் பரீத், அதே வாப்பிச்சி மரிக்காரின் பேரன். தாத்தா பையன்களுக்குப் பள்ளி எழுப்ப உதவி, பேரன் பெண்களுக்குப் பள்ளி தொடங்க நடுவில் ஐம்பத்துநான்கு வருடங்கள். இந்த இடைவெளிக்கு இன்ஸ்பெக்டரையோ மிஷனையோ குறை சொல்ல முடியாது.

1960லும் 1961லும் இலங்கை அரசாங்கம் சட்டம் கொண்டுவந்து உதவி பெறும் பள்ளிகளைத் தன் கையில் எடுத்தது. கத்தோலிக்கர்கள் பள்ளிகளுக்குள்ளேயே உட்கார்ந்து எதிர்த்தார்கள். அந்த அலை சாஹிராவையும் உலுக்கியது. 1961லேயே அஸீஸ் விலகினார். பள்ளியை நடத்தும் கை யாருடையது என்ற பழைய கேள்வி மறுபடி வந்து நின்றது. சாஹிரா இன்றும் மருதானையில் இருக்கிறது.

நம் பக்கத்தில் இதே கேள்வியை வேறு விதமாகத் தீர்த்தார்கள். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919ல் வந்தது, தோல் வியாபாரிகளின் பணத்தில். 1951ல் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரி, அதே வருடம் சென்னையில் நியூ காலேஜ். அதற்குள் நம் அரசியல் சட்டம் வந்துவிட்டது. 30வது பிரிவு சிறுபான்மையினர் கல்வி நிலையம் நடத்தலாம் என்கிறது. 28வது பிரிவு, முழுக்க அரசு பணத்தில் நடக்கும் நிலையத்தில் மத போதனை கூடாது என்கிறது. உதவி பெறும் நிலையத்தில் மத வகுப்புக்கு யாரையும் சம்மதமில்லாமல் உட்காரவைக்கக் கூடாது. பையன் சிறுவனாக இருந்தால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். ஆகவே இங்கே மார்க்க வகுப்பு பள்ளிக்குள் நடந்தாலும் பொதுப் பரீட்சைக்கு வெளியே நிற்கிறது. எஸ்.எஸ்.எல்.சி. மார்க் ஷீட்டில் அதற்கு இடமில்லை.

இலங்கையில் நேர் எதிர். அங்கே பத்தாம் வகுப்புக்குச் சமமான சாதாரண தரப் பரீட்சையில் சமயம் கட்டாயப் பாடம். பௌத்த மாணவன் பௌத்தம் எழுதுவான், இந்து மாணவன் சைவநெறி, முஸ்லிம் மாணவன் இஸ்லாம். ஒரு காலத்தில் இன்ஸ்பெக்டர் ஒரு சல்லி தராத பாடத்துக்கு இப்போது கேள்வித்தாள் உண்டு, கிரேடு உண்டு, நோட்ஸ் உண்டு, டியூஷனும் உண்டு! சித்திலெப்பை இதைப் பார்த்தால் சந்தோஷப்படுவாரா என்று சொல்வது கஷ்டம். மார்க்கத்தைப் பரீட்சைக்குள் கொண்டுவந்ததால் அதற்கு மரியாதை கிடைத்தது. முதல் நாள் ராத்திரி மனப்பாடம் செய்து மறுநாள் மறந்துவிடும் பாடங்களில் ஒன்றாகவும் அது ஆனது.

ஒன்றை மட்டும் அங்கே மிக எளிதாகத் தீர்த்துவிட்டார்கள். நோன்பு மாதம் ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். முப்பத்துமூன்று வருடத்தில் எல்லாப் பருவத்தையும் சுற்றி வந்துவிடும். இலங்கையில் அரசாங்க முஸ்லிம் பாடசாலைகளுக்கென்று தனித் தவணை அட்டவணை இருக்கிறது. ரமலானில் அவற்றுக்கு விடுமுறை. அந்த நாட்களை வேறு மாதங்களில் வகுப்பு வைத்து ஈடு செய்துகொள்கிறார்கள். பக்கத்துத் தெருவில் சிங்களப் பள்ளிக்கூடத்தில் மணி அடித்துக்கொண்டிருக்கும், முஸ்லிம் பாடசாலையின் கேட் பூட்டியிருக்கும். டிசம்பரில் பார்த்தால் சில வருடங்கள் அது தலைகீழாகவும் இருக்கும்.